கூரையில் ஒட்டிய ஏரி

புகைப்படக்காரருக்குப் பல் உடைந்தது உலகத்திலேயே அழகான பனிமலைகளில் ஒன்றின் மேல். சூரியன் எழுவதற்காக நாலு மணி நேரமாகக் காத்திருந்தவர், பசி தாங்காமல் பையிலிருந்த ரொட்டியை எடுத்துக் கடித்தார். குளிரில் கிடந்து அது செங்கல்லாகியிருந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். உடைந்தது ரொட்டியாக இருக்கும் என்று நினைத்து இன்னொரு தடவையும் கடித்தார். அதற்குள் சூரியன் வந்துவிட்டது. ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் எடுத்த படம் அடுத்த மாத இதழின் அட்டையில் வந்தது. 'பொன்னில் குளிக்கும் சிகரம்' என்று கீழே போட்டிருந்தார்கள். அதை எடுத்த மனிதர் கண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

இருபத்தைந்து வருடமாக அவருக்கு இதுதான் பிழைப்பு. ஒரு பயணப் பத்திரிகைக்காக நாற்பது நாடுகளுக்குப் போய்வந்திருக்கிறார். பத்திரிகையில் அவருக்குப் பெயர் 'ஊர்சுற்றி'. முதலில் மாமனார் திட்டுவதற்காக வைத்த பெயர் அது. தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கவே அவரே அதை எடுத்துக்கொண்டார். பெயருக்குப் பக்கத்தில் வரும் சின்னப் படத்தில் கேமரா அவர் முகத்தை மறைத்திருக்கும். எனவே வாசகர்களுக்கு அவருடைய காதுகளை மட்டுமே தெரியும்.

பனிமலையிலிருந்து திரும்பிய மறுநாள் எடிட்டர் அம்மா கூப்பிட்டனுப்பினார். பத்திரிகைக்கு இருபத்தைந்தாம் ஆண்டு மலர் வரப்போகிறது. எடிட்டர் அம்மாவின் மேஜையில் அவருடைய பத்துப் படங்கள் பரப்பிவைக்கப்பட்டிருந்தன. ஏரி, பாலைவனம், அருவி, எரிமலை என்று பத்து இடங்கள்.

"படம் இருக்கு. பக்கத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அங்கே நிக்கும்போது உங்க மனசுல என்ன தோணிச்சு, அதுதான் வேணும். ரெண்டு மாசம் டயம்."

"எனக்கு எழுத வராதே" என்றார் புகைப்படக்காரர், வீங்கிய கன்னத்தோடு.

"தோணினதை எழுதுறதுக்கு என்ன வரணும்?"

அவர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். எதிரே அவர் மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புகைப்படக்காரர் வெள்ளைத் தாளில் 'ஏரி' என்று எழுதி அடிக்கோடிட்டார். அங்கே என்ன தோன்றியது என்று யோசித்தார். சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடம் நினைவுக்கு வந்தது. பகல் பதினோரு மணி. முன்னால் இருநூறு பேர். தலைகளுக்கு மேலே கேமராவைத் தூக்க வேண்டி, குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றார். பக்கத்தில் தின்பண்ட வண்டியின் ஜெனரேட்டர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நிமிடம்தான். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். பாலைவனத்தில் வயிற்றுப்போக்கு. அருவியில் காலுறைக்குள் அட்டை. எரிமலையில் கேமரா மூடி உள்ளே விழுந்து, அதைப் பற்றி மூன்று நாள் துக்கம். உலகத்தின் அழகெல்லாம் அவர் கண் முன்னால் போயிருக்கிறது. ஆனால் அந்தக் கண் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, தலைப்போட நிக்குது?" என்றார் மனைவி.

"பல்லு வலிக்குது."

"எழுத முடியாத பசங்க எல்லாம் என்கிட்டே இதையேதான் சொல்றாங்க. நாளைக்குக் காலையில போய்ப் பல்லைக் காட்டிட்டு வாங்க. அப்புறம் என்ன சாக்கு சொல்றீங்கன்னு பார்க்கிறேன்."

கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஒரு பல் டாக்டர் புதிதாக வந்திருந்தார். குறுகலான படி. காத்திருக்கும் அறையில் ஆறு நாற்காலி, ஒரு மீன் தொட்டி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மருந்து வாசனை. நர்ஸ் ஐம்பது வயதுப் பெண்மணி. பேரேட்டில் அவருடைய சொந்தப் பெயரை எழுதிக்கொண்டார். தொழில் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டதற்கு அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ முனகினார். நர்ஸ் 'ஓய்வு' என்று போட்டுவிட்டார்.

டாக்டர் நாற்பதைத் தாண்டியவர்; தொந்தி, சிரித்த முகம். வாயை மூட முடியாத மனிதர்களோடு காலம் முழுக்கப் பழகியதாலோ என்னவோ, அவரும் வாயை மூடுவதில்லை. பல்லைத் தட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார்.

"ரூட் கெனால் பண்ணணும் சார். நாலு தடவை வரணும். கடைசியில கேப் போட்டுடலாம். பயப்படாதீங்க. அப்படியே சாஞ்சு மேலே பாருங்க."

நாற்காலி பின்னால் சாய்ந்தது. புகைப்படக்காரர் மேலே பார்த்தார். கூரையில், விளக்குக்குப் பக்கத்தில், அவருடைய ஏரி ஒட்டியிருந்தது.

அதே நீலம். அதே பனிமலை தலைகீழாகத் தண்ணீரில். அதே சாய்ந்த ஒற்றை மரம். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலண்டரில் வந்த படம். கீழே அவர் பெயர் இருந்த ஓரத்தை யாரோ கத்தரித்திருந்தார்கள். இடது மூலையில் அந்தக் கறுப்புத் துண்டு கூட அப்படியே இருந்தது: முன்னால் நின்ற ஓர் அம்மாளின் குடை முனை.

"அழகா இருக்கில்ல?" என்றார் டாக்டர், ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே. "நான் எடுத்தது."

புகைப்படக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் ஊசி பல் ஈறில் இறங்கிவிட்டது.

"ஆ... ஆ..."

"வலிக்குதா? சரி, இன்னொண்ணு போட்டுடலாம்."

இரண்டாவது ஊசி போட்டதும் உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வாய்க்குள் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், டாக்டரின் இரண்டு விரல். மெஷின் சுழல ஆரம்பித்தது. டாக்டரும் ஆரம்பித்தார்.

"மூணு மணி நேரம் நடந்து போனேன் சார். விடியறதுக்கு முன்னாடி. அந்தத் தண்ணியைப் பார்த்தா குடிக்கத் தோணாது, குளிக்கத் தோணாது. மெதுவாப் பேசணும்னு தோணும். காலை நனைக்கலாம்னு செருப்பைக் கழட்டினேன். மனசு வரலை. யாரோ அசந்து தூங்கற மாதிரி இருந்துச்சு. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத் திரும்பி நடந்தேன். நடுவுல இருமல் வேற. என்ன பண்றது? அந்த மரத்துக்குப் பின்னாடி போய் இருமிட்டு வந்தேன். மூலையில கறுப்பாத் தெரியுது பாருங்க, அது நாரை. நான் இருமினதுக்கு அது திரும்பிப் பார்த்துச்சு. அந்தப் பார்வையை மட்டும் என்னால மறக்க முடியாது."

"ஆ... ஆ...!" என்றார் புகைப்படக்காரர்.

"இன்னும் வலிக்குதா?" என்று டாக்டர் மூன்றாவது ஊசிக்குக் கை நீட்டவே, அவர் அடங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, உதடு ஊருக்குத் திரும்பிய பிறகு, நடந்ததையெல்லாம் மனைவியிடம் கொட்டினார். மனைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சொல்ல வேண்டியதுதானே, படம் என்னோடதுன்னு?"

"வாய்க்குள்ள ரெண்டு விரல் இருக்கும்போது எப்படிச் சொல்றது?"

"அடுத்த தடவை விரல் போறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."

அடுத்த தடவை அவர் தயாராகவே போனார். பழைய காலண்டரைப் பரண்மேலிருந்து தேடி எடுத்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். காத்திருக்கும் அறையில் ஒரு பெண் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும், தூக்குமேடைக்குப் போகிறவர்போலக் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனார். உள்ளேயிருந்து டாக்டரின் குரல் மட்டும் தாலாட்டுப்போல வந்துகொண்டிருந்தது. அரை மணி கழித்து வெளியே வந்த பெண் வேறு ஆளாக இருந்தார்.

"பல்லைப் பிடுங்கினதே தெரியலைங்க" என்றார் நர்ஸிடம், பஞ்சைக் கடித்தபடி. "நான் அந்த ஏரியிலேயே இருந்துட்டேன்."

புகைப்படக்காரர் காலண்டரை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். சொல்லிக்கொள்ளலாம், அவசரம் என்ன? முதலில் இந்த மனிதர் எத்தனை தப்பு விடுகிறார் என்று கணக்கெடுப்போம் என்று நினைத்துக்கொண்டு சாய்ந்தார்.

தப்பு ஏராளம். அந்த ஏரியில் நாரை கிடையாது. மூன்று மணி நேரம் நடக்க அங்கே வழியே இல்லை. சாலை ஏரியின் வாய்வரை வருகிறது. அந்த மரம்கூடத் தானாகச் சாயவில்லை; சுற்றுலாத் துறை கம்பி கட்டி இழுத்துவைத்திருந்தது. ஆனால் பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்களே, அதை அந்த மனிதர் கரைத்துக் குடித்திருந்தார். மலை தண்ணீரில் விழுந்து கிடப்பதை, "கண்ணாடி முன்னாடி நிக்க வெக்கப்படற பெரிய மனுஷன் மாதிரி" என்றார். மெஷின் நின்றபோது புகைப்படக்காரருக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் துளைத்திருக்கலாம்.

அன்று மாலை 'ஏரி' என்ற தலைப்புக்குக் கீழே பேனா தானாக ஓடியது. செருப்பு, இருமல், நாரை, வெட்கப்படும் பெரிய மனிதர் எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். திருடுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. என் படத்தைப் பார்த்துத்தானே சொன்னார். அப்படியானால் பாதி நான் சொன்னதுதான் என்று சமாதானம் செய்துகொண்டார்.

மறுநாள் எடிட்டர் அம்மாவே போன் செய்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா இதையெல்லாம் எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க? அந்த இருமலைப் படிச்சிட்டு எனக்கே இருமல் வந்துடுச்சு. மீதி ஒன்பதும் இதே மாதிரி வேணும்."

மீதி ஒன்பதுக்கு எங்கே போவது? டாக்டரிடம் இருந்தது ஓர் ஏரிதான்.

அடுத்த முறை போகும்போது புகைப்படக்காரர் பாலைவனத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனார். "ஒரு கடையில கிடைச்சுது டாக்டர். உங்க சுவர் வெறுமையா இருக்கேன்னு..." என்று இழுத்தார்.

டாக்டர் படத்தை இரண்டு கையாலும் வாங்கி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். மணலைப் பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் வெயில் ஏறியது.

"எங்கே சார் கிடைச்சுது இது? நான் போன இடம்!"

"அப்படியா! சொல்லுங்க டாக்டர்" என்று புகைப்படக்காரர் அவசரமாகப் போய்ச் சாய்ந்து, கேட்காமலே வாயைத் திறந்தார்.

"அங்கே நடந்தா நம்ம காலடியே பின்னாடி நம்மளைத் துரத்திக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும் சார். திரும்பிப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. காத்து அழிச்சிடும். 'நீ வரவே இல்லை, போ'ன்னு சொல்ற மாதிரி..."

இப்படியாக இரண்டு மாதம் போயிற்று. உடைந்த பல்லுக்கு இன்னும் ஒரு தடவைதான் வேலை பாக்கி இருந்தது, இடங்களோ எட்டு. அருவிக்காகப் புகைப்படக்காரர் பற்களைச் சுத்தம் செய்துகொண்டார். ("அருவிப் பக்கத்துல நின்னுக்கிட்டு யார் மேலயும் கோபப்பட முடியாது சார். திட்டினா கேக்காதே!") தீவுக்கூட்டத்துக்காகச் சொத்தையே இல்லாத ஒரு பல்லை, கூசுகிறது என்று சொல்லி அடைத்துக்கொண்டார். எரிமலைக்கு ஒரு ஞானப்பல்லையே பறிகொடுத்தார். எழுத்துக்காக எத்தனையோ பேர் எதை எதையோ இழந்திருக்கிறார்கள். ஞானப்பல்லை இழந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

மலர் வெளியானது. கடிதங்கள் மூட்டையாக வந்தன. வீட்டில் மனைவி அதை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"இப்படியெல்லாம் தோணுமா உங்களுக்கு? என்கிட்டே அட்டை கடிச்சதை மட்டும்தானே சொன்னீங்க."

இரண்டு நாள் அவருக்கு வீட்டில் தனி மரியாதை. கேட்காமலே டீ வந்தது. மூன்றாம் நாள் அந்த டீயைத் தள்ளிவைத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டார். மனைவி அதற்கும் சிரித்தார். "எனக்குத் தெரியும்ங்க. பல் ஆஸ்பத்திரிக்குத் தலை வாரிக்கிட்டுப் போன ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. அந்த டாக்டர்கிட்டே முதல்ல சொல்லிடுங்க" என்றார். ஆனால் டீ வருவது நின்றுவிட்டது.

கேப் ஒட்டும் நாள் வந்தது. சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் மாடிப்படி ஏறினார். உள்ளே டாக்டர் வழக்கத்துக்கு மாறாகக் கடுகடுவென்று இருந்தார். கேப்பைப் பல்லின்மேல் வைத்து அழுத்தி, இடையில் பஞ்சைத் திணித்தார்.

"கடிச்சுக்கிட்டே இருங்க. பத்து நிமிஷம். வாயைத் திறக்கவே கூடாது, பேசக் கூடாது. ஒட்டாமப் போயிடும்."

பிறகு மேஜையிலிருந்து எதையோ எடுத்து அவர் மடிமேல் போட்டார். ஆண்டு மலர்.

"இதைப் பாருங்க சார்! ஊர்சுற்றியாம். யாரோ ஒருத்தன் என்னைத் திருடிட்டான். 'இருமல் வந்தபோது மரத்தின் பின்னால் போய் இருமிவிட்டு வந்தேன்'னு எழுதியிருக்கான். அது என் இருமல் சார்! நான் இருமினதை இவன் எப்படி இரும முடியும்? நாரையைக்கூட விடலை. அயோக்கியன், ஒரு ஊரும் சுத்தியிருக்க மாட்டான். இந்த நாற்காலியில படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டிருக்கான்!"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல என்பார்கள். புகைப்படக்காரருக்குத் தேள் கொட்டியதோடு பஞ்சும் அடைத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"நம்ம பேஷண்ட்ல யாருன்னு பேரேட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கணும்" என்றார் டாக்டர்.

கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பாமலே சொன்னார்: "பேரேடு எதுக்கு டாக்டர்? புஸ்தகத்துல பத்து இடம் இருக்கு. நம்ம கூரையிலயும் சுவத்துலயும் சேர்த்து அதே பத்துப் படம் இருக்கு. ஏரியை நான் கடைத்தெருவுல வாங்கினேன். மீதி ஒன்பதை யார் கொண்டுவந்து மாட்டினாங்க?"

டாக்டர் சுவரைப் பார்த்தார். மலரைப் பார்த்தார். மெல்ல நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

"நீங்களா?"

புகைப்படக்காரர் தலையை ஆட்டினார்.

"ஊர்சுற்றி?"

மறுபடியும் ஆட்டினார். பிறகு, வருவது வரட்டும் என்று, ஒரு விரலை மேலே கூரையை நோக்கி நீட்டி, அதையே தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் சுழலும் முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். பத்து நிமிடம் முடிய இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. அந்த ஏழு நிமிடமும் அந்த அறையில் குழாய்ச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸ் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனை நேரம் டாக்டர் பேசாமல் இருந்து அவர் கண்டதில்லை.

பஞ்சை எடுத்ததும் புகைப்படக்காரர், "மன்னிச்சிடுங்க டாக்டர்" என்றார்.

"நீங்க எதுக்கு? நான்தான் உங்க படத்தை என்னோடதுன்னு..." டாக்டர் பாதியில் நிறுத்தினார். "எனக்கு வண்டின்னாலே ஆகாது சார். பாலம் தாண்டறதுக்குள்ள வாந்தி வந்துடும். மூணு தடவை முயற்சி பண்ணினேன். மூணு தடவையும் பாலத்துலயே இறங்கி நடந்து திரும்பி வந்துட்டேன்."

"சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே நடந்துதான் போனார்" என்றார் நர்ஸ். "போய்ச் சேர்றதுக்குள்ள சாப்பாடு முடிஞ்சிடுச்சு."

டாக்டர் முக்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "நிஜமா எப்படி சார் இருக்கும் அந்த ஏரி?"

புகைப்படக்காரர் ஒன்றையும் மறைக்கவில்லை. பேருந்து நிறுத்தம், குப்பைத்தொட்டி, ஜெனரேட்டர், ஹாரன் எல்லாவற்றையும் சொன்னார்.

"மரம்?"

"கம்பி கட்டியிருந்தாங்க."

"நாரை?"

"அது குடை."

டாக்டர் கூரையை அண்ணாந்து பார்த்தார். தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னார்: "நீங்க சரியாப் பார்க்கலை சார்."

புகைப்படக்காரருக்குச் சுரீரென்றது. நாற்பது நாடு பார்த்தவனிடம் பாலம் தாண்டாதவன் சொல்கிற பேச்சா இது? ஆனால் அவரும் அண்ணாந்து அந்தக் கூரையை இன்னொரு தடவை பார்த்தார்.

கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கூரையில் ஏரியும் சுவரில் மீதி ஒன்பதும் டாக்டர் எடுத்ததாகவே இருக்கும். நோயாளிகள் முன்னால் புகைப்படக்காரர் மூச்சு விடக் கூடாது. பதிலுக்கு டாக்டரின் இருமல் முதற்கொண்டு எல்லாம் ஊர்சுற்றியுடையதாகவே இருக்கும். இனிமேல் வேண்டுமானாலும் வந்து கேட்டுக்கொள்ளலாம், அதற்காகப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. நர்ஸ்தான் சாட்சி.

இரண்டு வாரம் கழித்து எடிட்டர் அம்மா ஒரு கடிதத்தை அனுப்பிவைத்தார். மலரைப் படித்துவிட்டு ஒரு வாசகர் குடும்பத்தோடு அந்த ஏரிக்கே போய்வந்திருந்தார். 'நீங்கள் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. நாங்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். என் மாமியார்கூட மெதுவாகப் பேசினார். நாரையையும் பார்த்தோம்' என்று எழுதியிருந்தார். புகைப்படக்காரர் அந்தக் கடிதத்தை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் 'நான் சொல்லலை?' என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அந்தப் பார்வை அவரை உறுத்தியது. அடுத்த வேலை ஒரு தீவில். அங்கே அந்தி நேரத்தில் பாறைகள் செந்நிறமாகும். உலகப் புகழ் பெற்ற காட்சி. இந்த முறை ஒழுங்காகப் பார்த்துவிட்டு வருவது என்று சபதம் எடுத்துக்கொண்டார். புறப்படும் முன் டாக்டர் மருந்துச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: பாறையைத் தொட்டால் எப்படி இருக்கிறது? காற்றில் என்ன வாசனை? அலை வரும்போது சத்தமா, போகும்போது சத்தமா?

புகைப்படக்காரர் தீவில் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தார். தொட்டுப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அலை போகும்போதுதான் சத்தம் அதிகம், கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு போகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு நாய் வந்து பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அவரோடு உட்கார்ந்தது. அதன் முதுகைத் தடவியபடி இருந்தவர், சுற்றிலும் எல்லாம் செக்கச்செவேல் என்று ஆனதைப் பார்த்தார். நாயின் காதுகூடச் சிவந்திருந்தது. அடடா என்று கேமராவைத் தேடியபோது சிவப்பு போய்விட்டது. மறுநாள் முழுக்க மேகம். சாம்பல் நிறப் பாறைகளைப் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

ஆனாலும் மனம் நிறைந்திருந்தது. யாரையும் கேட்காமல், தானே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். பாறை பகலில் வாங்கிய சூட்டை விடாமல் வைத்திருந்ததையும், அதன்மேல் உட்கார்ந்தபோது இப்போதுதான் எழுந்துபோன யாரோ ஒருவருடைய இடத்தில் உட்கார்ந்ததுபோல இருந்ததையும் எழுதினார். நாயையும் எழுதினார். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

எடிட்டர் அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"படம் சுமார்தான். அதை விடுங்க, எப்படியாவது தேத்திக்கலாம். எழுத்துதான் சரியில்லை. அந்த ஏரியில இருந்த உண்மை இதுல இல்லையே. கோவிச்சுக்காதீங்க, அந்த இடத்துக்குப் போகாமலே எழுதின மாதிரி இருக்கு."

புகைப்படக்காரர் வாதாடவில்லை. சாம்பல் பாறைகளை எடுத்துக்கொண்டு நேராக மாடிப்படி ஏறினார். டாக்டர் மதிய இடைவேளையில் இருந்தார். படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். அவர் முகத்தில் கடற்காற்று வீச ஆரம்பித்தது. "இங்கே பாறைங்க எல்லாம் ஏன் குனிஞ்சிருக்குன்னு தெரியுமா சார்?" என்று தொடங்கினார். புகைப்படக்காரர் குறிப்பு எடுத்துக்கொண்டார். எடிட்டர் அம்மாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஒரு சொல் மாற்றாமல் அச்சுக்குப் போயிற்று.

அவர் எழுதிய பக்கம் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள்களோடு கலந்துபோயிற்று. ஒரு சனிக்கிழமை மனைவி வரிசையாகத் திருத்திக்கொண்டே வந்தவர் அதை எடுத்துப் படித்தார். சிவப்புப் பேனாவால் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இந்த நாய் இன்னும் அங்கே இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கும். எங்கே போகப் போகுது?"

"லீவு விட்டதும் போலாம். எனக்கு அந்த ஏரியெல்லாம் வேண்டாம். இப்ப அங்கே கூட்டம் அலைமோதும், எல்லாரும் செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பாங்க."

புகைப்படக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் மனைவி அவரோடு வருகிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவரும் இதுவரை கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அவர் கணக்கில் வந்தது.

"கேமரா எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றார் மனைவி, அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டே. "பிஸ்கட் மட்டும் ரெண்டு பாக்கெட் சேர்த்து வாங்கிக்கோங்க."